கல்லு தனிஸ்லாசின் கெண்டைக்கால்

1934-ஆம் வருஷம், மே மாசம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கப்ஸ் கோயிலுக்கு எதிரே இருக்கிற, பிரெஞ்சு நாட்டு வீரப்பெண் ழான் தார்க்கின் சிலைக்கு முன்னால், கவர்னர் பார்க்க, துரைசாணிகள் பார்க்க, ஊர்ச் சனம் அத்தனையும் பார்க்க, சிப்பாய் தனிஸ்லாஸ் விழுந்தான்.

முழங்கால் மடங்கிக் கையை ஊன்றி விழுந்திருந்தால்கூட ஏதோ தடுக்கிவிட்டதென்று சொல்லலாம். இவன் நின்றபடியே, விறைப்புக் குறையாமல், வெட்டின பனைமரம் மாதிரி முன்பக்கமாகச் சாய்ந்தான். துப்பாக்கி தரையில் மோதின சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டது. சிவப்புத் தொப்பி உருண்டு போய் கவர்னர் துரையின் பூட்ஸுக்கு நாலடி தள்ளி நின்றது. பாண்டு வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்தி, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து ஊதினார்கள்.

கீழே விழுந்து கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நினைவு வந்துவிட்டது. யாரோ மல்லாக்கப் புரட்டிப் போட்டிருந்தார்கள்; கண்ணைத் திறந்தபோது வானமும், அதற்கு நடுவே வரிசையில் பக்கத்தில் நிற்கிற அன்வருதீனின் மீசையும் தெரிந்தன.

"மச்சான், எழுந்திரிக்காத. அப்படியே கெட," என்றான் அன்வருதீன் உதட்டை அசைக்காமல். "ரெண்டு பேரு தூக்க வரானுங்க."

பேரேடு என்று ஊர் சொல்கிற அந்தச் சிப்பாய் அணிவகுப்புகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சில பேர் ஊரில் இருக்கிறார்கள். அதிகாலையிலேயே கடற்கரைப் பக்கம் சனம் சேர்ந்துவிடும். வைத்திக்குப்பத்துப் பெண்கள் மீன்கூடையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை உடுப்பு, சிவப்புத் தொப்பி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சுற்றின பட்டி, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிற பூட்ஸ். "கார்த்தவூ!" என்று அதிகாரி ஒரு சத்தம் போட்டால் அறுபது பேரின் குதிகால்கள் ஒரே சத்தமாகச் சேரும். அதோடு எல்லோரும் சிலைதான். இன்றைக்கு அந்த உடுப்பும் இல்லை, அந்த வெயிலில் அப்படி நிற்கிற ஆளும் இல்லை.

அந்த அறுபது பேரிலும் அசைவில்லாமல் நிற்பதில் தனிஸ்லாசை அடிக்க ஆள் கிடையாது. குருசுக்குப்பத்துக்காரன். இருபது வயதில் படையில் சேர்ந்தவன், அப்போது முப்பத்திரண்டு. குறி பார்த்துச் சுடுவதில் சுமார், ஓட்டத்தில் கடைசி, பிரெஞ்சு பேச வராது. ஆனால் நிற்கச் சொன்னால் நிற்பான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டமாட்டான். ஒரு தடவை துப்பாக்கி முனைக் கத்தியில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்து, பேரேடு முடிகிற வரைக்கும் பறக்காமல் இருந்ததாம். அன்றைக்கு அன்வருதீன் வைத்த பேர்தான் கல்லு. வீட்டில் மனைவி அகஸ்டினாகூட கோபம் வந்தால், "கல்லுன்னு சும்மாவா பேரு வச்சாங்க!" என்பாள். அவனுக்கு அதைக் கேட்டால் உள்ளுக்குள் குளிரும்.

பன்னிரண்டு வருஷம் நின்றவன் அன்றைக்கு மட்டும் ஏன் விழுந்தான் என்றால், அதற்கு முன்பு அவன் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றதே இல்லை. அவனுக்கு விழுந்த வேலையெல்லாம் துறைமுகப் பாலத்துக் காவல், கச்சேரி வாசல் காவல். பத்தடி நடந்து திரும்பி, மறுபடி பத்தடி நடக்கிற வேலை. பேரேடு நாளில் பின்வரிசையில் அரைமணி நேரம் நின்றதும் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம்தான் அட்ஜுதான் அவனை முன்வரிசைக்குக் கூப்பிட்டார். சிப்பாய்களை மேய்க்கிற அந்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "நீ, சிலைப் பக்கம். நீயும் சிலை," என்று சொல்லிச் சிரித்தார். தனிஸ்லாஸ் அந்த ராத்திரி தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் விடிவதற்கு முன்பே சம்பா கோயிலில் முதல் பூசை பார்த்து நற்கருணை வாங்கினான். நற்கருணை வாங்குகிறவன் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடக் கூடாது. அந்தக் காலத்துச் சட்டம் அது. பூசை முடிந்து ஒரு வாய் காப்பியாவது குடித்திருக்கலாம். ஆறு மணிக்குக் கணக்கெடுப்பு என்று அப்படியே ஓடினான். கவர்னர் தாமதமாக வந்தார். வந்த பிறகு மூன்று பேர் பேசினார்கள். மூன்றாவது ஆள் பேச ஆரம்பித்தபோது தனிஸ்லாசுக்குக் கொட்டாவி வந்தது. அடக்கினான். பிறகு கடல் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போயிற்று. பிறகு அன்வருதீனின் மீசை.

மறுநாள் அட்ஜுதான் தன் மேசைக்கு முன்னால் அவனை நிறுத்தினார்.

"நீ குடி?"

"இல்லை, மோன் அட்ஜுதான்."

"நீ வியாதி?"

"இல்லை, மோன் அட்ஜுதான்."

"குடி இல்ல. வியாதி இல்ல. அப்போ பயம்." அவர் தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் போட்டார். "பதினாலு ழுய்யே, நீ முன்னாடி நிக்கிறே. நின்னா சரி. மறுபடி விழு, உன் பெல்ட் இங்கே. வீட்டுக்குப் போ."

சூலை பதினாலு பேரேடுதான் வருஷத்தின் பெரிய பேரேடு. அதற்கு இரண்டு மாசம் இருந்தது. தனிஸ்லாஸ் வெளியே வந்தான். நிற்பதைத் தவிர வேறொரு வேலையும் அவனுக்குத் தெரியாது. பெல்ட் போனால் அவன் யார்?

குருசுக்குப்பத்துக்குத் திரும்புகிற வழியில் அஞ்சலாட்சி மீன்கூடையோடு எதிரே வந்தாள். வைத்திக்குப்பத்துக்காரி. அவள் வாய்க்கு அலைகூட ஒதுங்கும்.

"என்னா சிப்பாய் அண்ணே, ழான் அம்மாவப் பார்த்ததும் சொக்கிட்டியா?"

"வழிய விடு, அஞ்சலாட்சி."

"யப்பா, கோவத்தப் பாரு! நெத்தியில வேற கொழுக்கட்ட ஒட்டவச்ச மாதிரி வீங்கிக் கெடக்கு. இந்தா, ரெண்டு வஞ்சரத் தல. அக்காவக் கொழம்பு வைக்கச் சொல்லு, ரத்தம் ஊறும்."

"எனக்கு ரத்தம் இருக்கு."

"இருந்தா மட்டும் போதுமா? இருக்க வேண்டிய எடத்துல இருக்கணும்ல!"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் விஷயம் அதுதான் என்று அவளுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

தனிஸ்லாஸ் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினான். விழுந்தது இரண்டு காரணத்தால்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டினான். ஒன்று, ஏதோ பாவம். அதற்கு அந்தோணியாருக்கு ஒன்பது வாரம் நேர்ந்துகொண்டு ஒருவேளைச் சோற்றை விட்டான். இரண்டு, கொட்டாவி வந்தபோது கொஞ்சம் அசைந்துவிட்டோம், கல் அசைந்தால் உருளத்தானே செய்யும் என்று நினைத்தான். அதற்கு மருந்து இன்னும் கெட்டியாக நிற்பது. பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டு முற்றத்தில், வெறும் வயிற்றோடு, முழங்காலைப் பூட்டுப் போட்ட மாதிரி இறுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்பான்.

"துணி காயப் போடலாமா உங்க மேல?" என்பாள் அகஸ்டினா.

பதில் வராது. கல்லு பேசுமா?

"சாப்புடாம, கொள்ளாம, வெயில்ல நின்னு எந்தச் சாமி கேட்டுது? அந்தோணியாரு கேட்டாரா? அந்த மனுஷன் காணாமப்போன சாமானத் தேடித் தரவரு. உங்க புத்தியத் தேடித் தரச் சொல்லி நானும் ஒன்பது வாரம் நேர்ந்துக்கறேன்."

சூன் மாசக் கடைசியில் படை முற்றத்தில் ஒத்திகை நடந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடி அந்தக் கொட்டாவி. முதுகில் குளிர்ந்த வேர்வை. எதிர்ச் சுவரின் மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற அன்வருதீன் ஓரக்கண்ணால் பார்த்தான். தனிஸ்லாசின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அட்ஜுதான் வரிசையின் அந்தக் கோடியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அன்வருதீன் தன் காலைத் தானே தடுக்கிக்கொண்ட மாதிரி தனிஸ்லாஸ் மேல் சாய்ந்து அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தான்.

"தேள்! மோன் அட்ஜுதான், தேள்!" என்று கத்தினான்.

முற்றம் முழுக்கச் சிப்பாய்கள் குதித்தார்கள். இல்லாத தேளைக் கால்மணி நேரம் தேடினார்கள். அதற்குள் தனிஸ்லாசுக்கு முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

"ஒரு தேளத்தான் காட்ட முடியும் மச்சான்," என்றான் அன்வருதீன் சாயங்காலம். "பதினாலாந்தேதி கவர்னரு முன்னாடி நான் பாம்பா காட்ட முடியும்? நட, ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போனா வியாதின்னு எழுதிடுவான். வியாதின்னு எழுதினாலும் பெல்ட் போயிடும்."

"எழுதாத எடமா கூட்டிட்டுப் போறேன். தெய்வசிகாமணி இருக்கான்ல?"

தெய்வசிகாமணி ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிறவன். பிரெஞ்சு டாக்டர்களோடு பழகிப் பழகி அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்கிற வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது. டாக்டர் பத்து வார்த்தை சொன்னால் இவன் நூறு வார்த்தை சொல்வான். அதனால் நோயாளிகளுக்கு அவனைப் பிடிக்கும்.

கூட்டம் குறைந்த மத்தியானமாகப் பார்த்து இருவரையும் உள்ளே விட்டான். டாக்டர் துரை இளவயசுக்காரர். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தனிஸ்லாசைப் படுக்கவைத்தார். மேல்கையில் ஒரு பட்டையைச் சுற்றி, ரப்பர்ப் பந்தை அழுத்திக் காற்றடித்தார். பட்டையோடு சேர்ந்த கடிகாரம் மாதிரியான கருவியில் முள் ஒன்று துடித்தது. ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு எழுப்பி நிற்கவைத்தார்.

"சொவத்துல சாயாம நில்லுங்க சிப்பாயாரே," என்றான் தெய்வசிகாமணி. "பேரேடுல நிக்கற மாதிரியே நிக்கணுமாம்."

அதைச் சொல்ல வேண்டுமா? நின்றான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றடித்து முள்ளைப் பார்த்தார்கள். கால்மணி வரைக்கும் முள் ஏறக்குறைய அதே இடம். அப்புறம் கொஞ்சம் இறங்கிற்று. இருபத்தைந்தாவது நிமிஷம் தனிஸ்லாஸ் கொட்டாவி விட்டான்.

டாக்டர் துரை துள்ளிக் குதிக்காத குறை. முள் பள்ளத்தில் விழுந்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஏதோ கத்தினார்.

"காலை இறுக்குங்க!" என்றான் தெய்வசிகாமணி. "தொடை, கெண்டைக்கால், எல்லாத்தையும் இறுக்கி இறுக்கி விடுங்க! நகராதீங்க, நின்ன எடத்துலயே!"

தனிஸ்லாஸ் இறுக்கினான். விட்டான். மறுபடி இறுக்கினான். கண்ணெதிரே இருந்த அந்த முள் ஒவ்வொரு கோடாக மேலே ஏறிற்று. காதில் இரைச்சல் நின்றது. வெளுத்துப் போயிருந்த சுவருக்கு நிறம் வந்தது. அவன் வாய் பிளந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் டாக்டர் சொன்னதும் தெய்வசிகாமணி சேர்த்துச் சொன்னதும் இதுதான். உடம்பில் ரத்தம் ஓடுகிற குழாய்கள் பித்தளைக் குழாய் மாதிரி ஒரே அளவில் கிடப்பவை அல்ல. ஒவ்வொரு சின்னக் குழாயைச் சுற்றியும் மெல்லிய தசை இருக்கிறது. அது கைவிரல் மடங்குகிற மாதிரி இறுகும், தளரும். யாரும் சொல்லாமல், கேட்காமல், ராத்திரி பகலாக அந்த வேலை நடக்கிறது. பயந்தால் இறுகும், முகம் வெளுக்கும். வெட்கப்பட்டால் தளரும், முகம் சிவக்கும். வெயில் அடித்தால் தோலுக்கடியில் இருக்கிற குழாயெல்லாம் திறந்துகொண்டு சூட்டை வெளியே தள்ளும். மனுஷன் எழுந்து நின்றால் ரத்தம் தன் பாரத்தில் காலுக்கு இறங்கப் பார்க்கும். உடனே கழுத்தில் இருக்கிற காவல் நரம்பு சேதி சொல்லும், கீழே உள்ள குழாய்கள் இறுகும், ரத்தம் தலைக்குப் போகும். நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை எழுந்து உட்காருகிறோம், நூறு தடவையும் இது நடக்கிறது. நமக்குத் தெரிவதில்லை.

"இறுக்கற தசைக்கும் தெம்பு ஒரு அளவுதானே சிப்பாயாரே? நீங்க வெறும் வயித்துல, தண்ணி குடிக்காம, மே மாச வெயில்ல ஒரு மணி நேரம் நின்னீங்க. தோலு, குழாயத் திறடான்னுது. காவல் நரம்பு, மூடுடான்னுது. ஒரு கட்டத்துல எல்லாம் கையை விரிச்சிடுச்சு. ரத்தம் பூரா காலுல. தலையில ஒன்னுமில்ல."

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்," என்றான் அன்வருதீன்.

"நெஞ்சுல கோளாறா?" என்று கேட்டான் தனிஸ்லாஸ்.

தெய்வசிகாமணி டாக்டரிடம் கேட்டான். டாக்டர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"நெஞ்சு குதிரை மாதிரி இருக்காம். கோளாறு ஒன்னுமில்லையாம். விழுந்ததுகூட நல்லதுக்குத்தானாம். நீங்க படுக்க மாட்டேன்னீங்க, உடம்பு உங்களப் படுக்க வச்சுது. படுத்ததும் ரத்தம் தலைக்கு வந்துது, முழிச்சீங்க. அதான் மருந்து. நடக்கறப்ப ஏன் விழலன்னா, ஒவ்வொரு எட்டுக்கும் கெண்டைக்கால் இறுகி ரத்தத்த மேல தள்ளுது. நீங்க அதையும் பூட்டு போட்டுட்டீங்க. இவரு ரொம்ப நல்லா நிக்கறாரு, அதான் வியாதிங்கறாரு துரை."

"அப்போ மத்தவங்கல்லாம் ஏன் விழல?"

அன்வருதீன் மீசையைத் தடவினான்.

"மச்சான், நான் ஒரு நாளும் சும்மா நின்னதில்ல. பூட்ஸுக்குள்ள கட்டைவெரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டே இருப்பேன். பொழுது போகணும்ல? ஆயிரம் எண்ணினா ஒரு துரை பேசி முடிச்சிருப்பான்."

"பொய்."

"வரிசை பூரா அப்படித்தான்டா. நம்ம சிப்பாய் பாவாடை இருக்கான்ல, ஒரு காலுலேர்ந்து இன்னொரு காலுக்கு மாறுவான் பாரு, அவன் ஆத்தாவுக்கே தெரியாது. நீ மட்டுந்தான் நெசமாவே நிக்கற ஆளு."

பன்னிரண்டு வருஷம். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் ஆடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், இவன் ஒருத்தன் கல்லாக நின்றிருக்கிறான். தனிஸ்லாசுக்கு விழுந்ததைவிட அது அதிகமாக வலித்தது. அதிக நேரம் நிற்கக் கூடாதவன் என்று ஒரு சீட்டு எழுதித் தரட்டுமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டான். அந்தச் சீட்டும் பெல்ட்டைக் கழற்றுகிற சீட்டுதான்.

வீட்டுக்கு வந்து அகஸ்டினாவிடம் எல்லாம் சொன்னான். அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அவன் மூச்சு முட்ட விளக்கினதை அவள் ஒரு வரியில் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கா டாக்டரு? நம்ம தெருக் குழாயிலதான் தெனமும் நடக்குதே. கீழண்டைத் தெருவுல எல்லாக் குழாயும் திறந்து கெடந்தா நம்ம மேட்டுக் குழாயில சொட்டுத் தண்ணி வருதா? நான் போயி ரெண்டு குழாயத் திருகி மூடிட்டு வந்தா குபுகுபுன்னு வருது. அந்தத் திருகற ஆளு உங்க உடம்புல அசந்துட்டான். நீங்கதான் திருகணும்."

"திருகினா ஆடுமே."

"என்னா ஆடும்?"

"கத்தி முனை. துப்பாக்கியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு காலை இறுக்கினா மேல முனை நடுங்கும். முன்வரிசையில அது பளிச்சுனு தெரியும். அட்ஜுதான் கண்ணு கழுகுக் கண்ணு."

அகஸ்டினா குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். "விழறதுக்கு நடுங்கறது மேலு," என்றாள். "ஆனா நிக்கறவரு நீங்க."

நேர்ச்சையைப் பாதியில் விட்டான். அந்தோணியார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு வேளையும் சாப்பிட்டான். முற்றத்தில் நிற்பதை விடவில்லை, ஆனால் இப்போது துடைப்பக் கட்டையைத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, முனை ஆடாமல் கெண்டைக்காலை மட்டும் இறுக்கப் பழகினான். பத்து எண்ணுகிற நேரம் இறுக்கு, பத்து எண்ணுகிற நேரம் விடு. அகஸ்டினா எதிரே உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஆடுது... இப்ப ஆடல... ஆடுது," என்பாள். எத்தனை பழகியும் முனை கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

சூலை பதினாலு விடிந்தது. சனிக்கிழமை, நற்கருணை நாள் இல்லை. அகஸ்டினா பழைய சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டு இரண்டு சொம்பு குடிக்க வைத்தாள். காலில் பட்டியைக் கணுக்காலிலிருந்து மேலே நோக்கி அவளே இறுக்கிச் சுற்றினாள். கழுத்துப் பட்டியின் உள்கொக்கியை மாத்திரம் மாட்டாமல் விட்டாள்.

"ரெண்டு சொம்பா?" என்றான் அன்வருதீன் படை வாசலில். "இப்ப மயக்கத்துக்குப் பதிலா வேற ஒன்னு வரப்போவுது கவர்னரு முன்னாடி."

"வாய மூடிட்டு உன் கட்டவெரல எண்ணுடா."

வெயில் அன்றைக்கு மே மாசத்துக்குக் குறைவில்லை. கொடி ஏறியது, பாண்டு முழங்கியது, "கார்த்தவூ!" வந்தது, துப்பாக்கிகள் எழும்பின. தனிஸ்லாஸ் பத்து எண்ணி இறுக்கினான், பத்து எண்ணி விட்டான். முதல் அரைமணி சுகமாகப் போனது. அட்ஜுதான் தூரத்தில் இருக்கும்போது நன்றாக இறுக்குவான். பக்கத்தில் வந்தால் விட்டுவிட்டுக் கல்லாகிவிடுவான். இப்படியே இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

இரண்டாவது பேச்சு பாதியில் இருந்தபோது அட்ஜுதான் வரிசை பார்க்கக் கிளம்பினார். ஒவ்வொரு ஆளாக, அவசரமில்லாமல் வந்தார். தனிஸ்லாஸ் காலைத் தளர்த்தினான். அவர் பாவாடை முன்னால் நின்று பொத்தானைச் சரிபார்த்தார். தனிஸ்லாசுக்குக் கொட்டாவி முட்டிக்கொண்டு வந்தது. முதுகில் அந்தக் குளிர்ந்த வேர்வை. கடல் சத்தம் மெதுவாகத் தள்ளிப் போக ஆரம்பித்தது.

அட்ஜுதான் அவனுக்கு முன்னால் வந்து நின்றார். நேராக அவன் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பன்னிரண்டு வருஷமாக அசையாமல் நின்றவன் அவன். இன்னும் கொஞ்ச நேரம் கல்லாக நின்றால் அவர் போய்விடுவார். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவனிடம் இல்லை. அவர் முகம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது.

தனிஸ்லாஸ் இறுக்கினான். கெண்டைக்கால், தொடை, இடுப்பு, உள்ளதெல்லாம். தலைக்கு மேலே கத்தி முனை நடுங்கிற்று. வெயிலில் அது பளிச்சென்று அடித்து அட்ஜுதானின் நெற்றியில் ஒளி துள்ளியது. அவர் முனையை அண்ணாந்து பார்த்தார். கீழே அவன் காலைப் பார்த்தார். தனிஸ்லாஸ் விட்டான், மறுபடி இறுக்கினான். அவர் பார்க்கப் பார்க்கவே ஐந்து தடவை இறுக்கினான். கடல் சத்தம் திரும்பி வந்தது. அட்ஜுதான் அடுத்த ஆளுக்குப் போனார்.

பேரேடு முடிந்தது. தனிஸ்லாஸ் விழவில்லை. கலைந்த பிறகு மேசைக்குக் கூப்பிட்டார்கள்.

"உன் முனை ஆடிச்சு."

"ஆமாம், மோன் அட்ஜுதான்."

"நீ பயம்?"

"இல்லை. ஆடலன்னா விழுவேன். நிக்கறதுக்காக ஆடினேன்."

அட்ஜுதானுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவன் இடுப்புப் பெல்ட்டைச் சுட்டிக் காட்டி, அதை வைத்துக்கொள் என்பது போலக் கையசைத்தார். "ஆனா முன்னாடி வேண்டாம்," என்றார். "ரெண்டாம் வரிசை. எப்பவும்."

வீட்டு வாசலிலேயே அகஸ்டினா நின்றிருந்தாள். முதலில் இடுப்பைத்தான் பார்த்தாள். பெல்ட்டைத் தொட்டும் பார்த்தாள்.

"முன்வரிசை போச்சு," என்றான்.

"போவட்டும். சிலைக்குப் பக்கத்துல நிக்க இன்னொரு சிலையப் பார்த்துக்குவாங்க. வந்து சாப்புடுங்க."

சாப்பிட்டான். ஆனால் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. படையில் கல்லு என்கிற பேர் தானாக நின்றுபோயிற்று. அன்வருதீன்கூட அதை எடுக்கவில்லை. அவனை அது குத்தும் என்று தெரிந்திருந்தது.

அந்த நவம்பரில், 1918-இல் பெரிய சண்டை முடிந்த நாளைக் கொண்டாடுகிற பேரேடு நடந்தது. கார்மேகம் கட்டி நின்றதால் வெயில் இல்லை. தனிஸ்லாஸ் இரண்டாம் வரிசையில், முன்வரிசை முதுகுகளுக்குப் பின்னால் நின்றான். முன்பெல்லாம் பின்வரிசையில் நின்றபோது கண்ணைக்கூட அசைக்கமாட்டான். எதிரே எந்த முதுகு இருந்தது என்றுகூட அவனுக்கு நினைவில்லை. இப்போது கல்லாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பார்வையைக் கீழே இறக்கினான்.

கவர்னர் பக்கத்திலிருந்து பார்த்தால் முப்பது சிலைகள். இந்தப் பக்கம், முப்பது பேரின் பட்டிக்குள்ளும் கெண்டைக்கால்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பாவாடையின் கால் மெதுவாக, தூங்குகிறவன் மூச்சு மாதிரி. அன்வருதீனின் கால் ஒரே சீராக, எண்ணிக்கை தப்பாமல். ஒருத்தன் குதிகாலை அரை விரற்கடை தூக்கி இறக்கினான். ஒருத்தன் பூட்ஸின் நுனி உள்ளிருந்து விரல் முட்ட முட்டப் புடைத்து அடங்கிற்று. இத்தனை வருஷமும் இது அவனைச் சுற்றி நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தனிஸ்லாஸ் வாய்க்குள் சிரித்துக்கொண்டான். பிறகு அன்வருதீனின் காலைப் பார்த்து, அதோடு சேர்ந்து தானும் எண்ண ஆரம்பித்தான்.